இம்பால் போர்க்களமும் ஜப்பானியத் தலைக்கவசமும்: பொருள்சார் சான்றின் எல்லைகள்

முன்னுரை

1944 மார்ச்சில் முதகுச்சி ரென்யா தலைமையிலான ஜப்பானிய 15ஆம் படை, பர்மாவிலிருந்து மணிப்பூருக்குள்ளும் நாகா மலைப்பகுதிக்குள்ளும் நுழைந்தது. ஜூலையில் பின்வாங்கியபோது அது கைவிட்ட பொருட்களுள் எஃகுத் தலைக்கவசமும் ஒன்று. அத்தகைய கவசம் ஒன்று சேகரிப்பில் கிடைக்கும்போது, அது எவற்றை மெய்ப்பிக்கும், எவற்றை மெய்ப்பிக்காது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வகையும் சின்னமும்

ஜப்பானியத் தரைப்படை பரவலாகப் பயன்படுத்திய கவசம் '90ஆம் வகை' எனப்பட்டது. ஜப்பானியப் பேரரசு ஆண்டான 2590இன் இறுதி இரு இலக்கங்களே இவ்வெண், அது கி.பி. 1930ஐக் குறிக்கும். முகப்பிலுள்ள விண்மீன் தரைப்படைக்கும் நங்கூரம் கடற்படைக்கும் உரியவை. இவை கவசத்தின் வகையைக் காட்டுமேயன்றி, அணிந்தவரைக் காட்டா.

எழுத்துச் சான்று

சில கவசங்களின் உட்புறத்தில் மையால் எழுதப்பட்ட பெயர் காணப்படும். சாதாரண வீரரின் அடையாள வில்லையில் பொதுவாகப் பெயரின்றி எண்களே பொறிக்கப்பட்டமையால், இவ்வெழுத்து அரிய சான்றாகிறது. எனினும் குடும்பப்பெயரை மட்டும் கொண்டு ஒருவரை உறுதிசெய்ய இயலாது. படைப்பிரிவுகளுக்கு மறைகுறிப் பெயர்களும் இருந்தன: 31ஆம் டிவிஷன் 'ரெட்சு', 15ஆம் டிவிஷன் 'மட்சுரி', 33ஆம் டிவிஷன் 'யுமி'. கோஹிமாவில் போரிட்ட 31ஆம் டிவிஷனைச் சேர்ந்த 58ஆம் ரெஜிமென்ட், நீகத்தா மாகாணத்தின் தகாதா நகரைத் தளமாகக் கொண்டது. பெயருடன் ரெஜிமென்டும் தெரியவரின், தேடல் ஒரு வட்டாரத்திற்குள் அடங்கும்.

துணிச் சான்று

கவசத்தைத் தலையில் பிணைத்தவை நீண்ட துணி நாடாக்கள். அவற்றிலோ தையல்நூலிலோ பாலியஸ்டர் இழை காணப்படின், அப்பகுதி போருக்குப் பின் மாற்றப்பட்டதாகும். அதனைக் கொண்டு கவசம் முழுவதையும் போலி எனத் தள்ளுதல் பொருந்தாது. இழையையும் முறுக்கையும் பிரித்தறியும் திருப்பூர் வட்டாரத் தொழிலறிவு இத்தகைய ஆய்வுக்குத் துணைசெய்யும்.

கண்டெடுத்த இடம்

கவசம் கிடைத்த இடமே அதற்குரியவர் இறந்த இடம் எனக் கொள்ளலாகாது. பின்வாங்கும் படை சுமையைக் குறைக்கப் பொருட்களை எறிந்து செல்வதுண்டு. பின்னர் அவை கைமாறியும் இருக்கலாம். ஆதலால் கண்டெடுத்தவரின் வாய்மொழியைத் தனிச் சான்றாகப் பதிவுசெய்து, கவசம் தரும் சான்றோடு ஒப்பிடல் வேண்டும்.

முடிவுரை

பர்மா, இம்பால் களங்களில் மாண்ட ஜப்பானிய வீரர் பலரின் எச்சங்கள் தாயகம் திரும்பவில்லை. அத்தகைய ஒருவரின் குடும்பத்திற்கு, கவசத்தின் உட்புறத்தில் மங்கிய பெயரே எஞ்சிய தடயமாகலாம். துருவை நீக்கி மெருகேற்றினால் அம்மை எழுத்தும் அழியக்கூடும். எனவே தூய்மை செய்வதற்கு முன் ஒளிப்படமெடுத்துப் பதிவுசெய்தலே ஆய்வாளரின் முதற்கடமை.