முறை வைத்த வாய்க்கால்

சங்கம் ஒன்றைத் தொடக்குதல் எளிது. அதனை நிலைநிறுத்துதல் அரிது. ஊராரை ஒரு மாலைப்பொழுதில் கூட்டித் தலைவர், செயலாளர், பொருளாளர் என மூவரைத் தெரிவுசெய்து விடலாம். இரண்டாம் ஆண்டுக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகின்றனர் என்பதே அச்சங்கத்தின் உண்மையான கணக்காகும். புதியவர் ஏன் வந்து சேர்கின்றனர், வந்தவர் ஏன் தங்குகின்றனர் அல்லது விலகுகின்றனர் என்னும் வினாக்களுக்கு, மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த மண்ணின் வரலாறு தெளிவான விடைகள் சிலவற்றைத் தருகின்றது.

இம்மண்ணின் மிகப் பழைய சங்கம் கோயிலே எனலாம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம், மண்டூர் முருகன் கோயில் முதலிய பெருங்கோயில்களின் உரிமையும் பொறுப்பும் குடிகளிடையே பகிரப்பட்டுள்ளன. குடி என்பது இங்கே தாய்வழி வருவது. குடிகளின் சார்பில் வண்ணக்கர்மார் கோயிற் காரியங்களை நடத்துவர். திருவிழா நாள்களும் குடிகளுக்கென வகுக்கப்பட்டுள்ளன. இவ்வமைப்பில் ஆள் சேர்க்கும் வேலை இல்லை; பிறப்பே உறுப்புரிமை. ஆயினும் பிறப்பு மட்டுமே ஒருவரைத் தொலைவிலிருந்து ஆண்டுதோறும் திரும்ப அழைத்து வருவதில்லை. தமக்கென ஒரு நாள் உண்டு, அந்நாளின் கடமையைத் தாமே செய்தல் வேண்டும் என்னும் உணர்வே அவரை அழைத்து வருகின்றது. அதனையே மக்கள் ‘முறை’ என்கின்றனர். முறை உள்ளவன் வருவான். முறை இல்லாதவன் பார்வையாளனாய் நின்று சிறிது நேரத்தில் அகல்வான்.

வயலிலும் இம்முறை இருந்தது. வட்டை எனப்பெறும் வயற்பரப்புக்கு வட்டைவிதானை ஒருவர் இருந்து, வாய்க்கால் வெட்டும் நாளையும் நீர் விடும் ஒழுங்கையும் கமக்காரரோடு கூடித் தீர்மானிப்பார். தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், வயல் நிலங்களைப் பற்றிய பண்டைய வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்தும் நோக்கத்துடன் இயற்றப்பட்டது. வழக்கத்தை மதியாதவனைத் தண்டிக்க இதனால் வழி பிறந்தது. ஆயின் போடியார் கையில் நிலம் பெருகியிருந்த இடங்களில், கூட்டத்தில் குரல் உள்ளவன் நிலவுடைமையாளனாகவும், சேற்றில் நிற்பவன் வேறொருவனாகவும் இருந்தமை அவ்வமைப்பின் குறையாகும்.

1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் இக்குறையை நீக்க முயன்றது. விதானைமாரின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்கள் தோன்றின. உழுபவனே தன் பிரதிநிதியைத் தெரிவுசெய்யலாம் என்னும் கருத்து அன்று பெரும் நம்பிக்கையை ஊட்டிற்று. ஆனால் 1970களின் முற்பகுதியில் வந்த சட்டங்களால், தெரிவுக்குப் பதிலாக நியமனம் புகுந்தது. ஆளுங்கட்சியின் ஆதரவு பெற்றோர் குழுக்களில் அமர்ந்தனர்; 1977இல் ஆட்சி மாறியபோது அவர்களும் மறைந்தனர். வரவும் போக்கும் மேலிருந்து தீர்மானிக்கப்படும் சங்கத்தைத் தன்னுடையதென்று எந்தக் கமக்காரனும் கருதமாட்டான் அன்றோ?

இந்நிலையிற்றான், ஒருவரும் எதிர்பாராத ஓரிடத்தில் ஒரு முயற்சி தொடங்கிற்று. பட்டிப்பளை ஆறு என இப்பகுதித் தமிழ் மக்கள் வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் அமைக்கப்பட்டதை நேயர்கள் அறிவர். 1949இல் தொடங்கிய அத்திட்டம், சுதந்திர இலங்கையின் முதலாவது பெரும் ஆற்றுப்பள்ளத்தாக்குத் திட்டமாகும். அன்று அது மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. இடது கரைக் கால்வாயின் தலைப்பகுதியில் வெளி மாவட்டங்களிலிருந்து வந்த சிங்களக் குடியேற்றவாசிகளும், கடைப்பகுதியில் தமிழ்க் கமக்காரர் பலரும் பயிர் செய்தனர். குடியேற்றம் மனக்கசப்பை விளைத்தது. 1956 ஜூன் மாதத்தில் கல்லோயாவில் நடந்த வன்செயல்களில் தமிழர் பலர் உயிரிழந்தனர். அந்த நினைவு வாவிக்கரை ஊர்களில் மறையவில்லை.

நீரும் அப்பிரிவை ஆழப்படுத்திற்று. கால்வாயின் தலையில் உள்ளோன் மடையைத் திறந்து வைத்தால், கடைசியில் உள்ளோனுக்குச் சேறே மிஞ்சும். ஏறத்தாழ 65,000 ஏக்கர் கொண்ட இடது கரையில் 1970களின் இறுதியில் மடைகள் உடைந்தும், வாய்க்கால்கள் தூர்ந்தும் கிடந்தன. நாட்டின் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களுள் மிகவும் சீர்கெட்டது இதுவே என்று கருதப்பட்டது. இங்குள்ள கமக்காரர் ஒன்றுபடமாட்டார் என்பது அலுவலர் பலரின் துணிபு.

அமெரிக்க உதவியோடு இத்திட்டத்தைப் புனரமைக்க முற்பட்டபோது, கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கமக்காரரை ஒழுங்கமைக்கும் பொறுப்பை ஏற்றன. கோர்னெலின் அரசறிவியற் பேராசிரியர் நோர்மன் அப்ஹோப், இவ்வனுபவத்தைப் பின்னர் 1992இல் நூலாக வெளியிட்டார். 1981இன் முற்பகுதியில், முப்பதுக்கு மேற்பட்ட இளம் பட்டதாரிகள் பயிற்சி பெற்றுக் கமக்காரரின் ஊர்களிலேயே தங்கச் சென்றனர்.

அவர்கள் கையாண்ட வழி சிந்தனைக்குரியது. அவர்கள் சங்க விதிகளோடும் சந்தாப் பற்றுச்சீட்டோடும் செல்லவில்லை. வீடு வீடாய்ச் சென்று, ஒவ்வொருவருடைய வயலின் நீர்க்குறையைக் கேட்டறிந்தனர். பின்னர் ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறும் பத்து இருபது பேரைக் கூட்டி, ‘நாமே உடனே செய்யக்கூடியது யாது?’ என்னும் வினாவை அவர்கள் முன் வைத்தனர். வேலை முதலில், அமைப்பு பின்னர் என்பதே கொள்கை. தூர்ந்த வாய்க்காலைச் சிரமதானத்தால் வெட்டிய பின்னரே, தமக்கொரு பிரதிநிதி தேவை என்று கமக்காரர் உணர்ந்தனர். அப்பிரதிநிதியை வாக்கெடுப்பாலன்றி அனைவரின் இணக்கத்தாலேயே தெரிவுசெய்தனர். அவருக்கு ஊதியம் இல்லை; கட்சிச் சார்பு கூட்டத்துள் நுழையலாகாது என்பதும் பொது இணக்கம்.

அவ்வாண்டின் சிறுபோகத்தில் சமுத்திரத்தில் காற்பங்கு நீரே இருந்தது. ஆறு கிழமைகளுக்குள், ஏறத்தாழ 5,000 ஏக்கர் கொண்ட முன்னோடிப் பகுதியின் வாய்க்கால்களில் பத்தில் ஒன்பது பங்கில் கமக்காரர் செயற்படத் தொடங்கினர். சிலர் வாய்க்கால் வெட்டினர். சிலர் முறை வைத்து நீர் பாய்ச்சினர். சிலர் தம் பங்கில் ஒரு பகுதியை மிச்சப்படுத்திக் கீழே உள்ளோருக்கு விட்டனர். கீழே உள்ளோருள் தமிழரும் இருந்தனர் என்பதை மேலே இருந்தோர் அறிந்தே இருந்தனர்.

வந்தோர் ஏன் தங்கினர்? முதலாவது காரணம் குழுவின் சிறுமை. பதினைந்து பேர் கூடுமிடத்தில் ஒருவர் வராதிருப்பின் அவருடைய வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும். நூற்றைம்பது பேர் கூடுமிடத்தில் தெரியாது. இரண்டாவது, பயன் அண்மையில் இருந்தது; வெட்டிய வாய்க்காலில் அடுத்த முறையே நீர் ஓடிற்று. மூன்றாவது, குரலுக்குப் பாதை இருந்தது. வயல்வாய்க்காற் குழுவின் பிரதிநிதி கிளைவாய்க்கால் அமைப்பிலும், அங்கிருந்து தெரிவானோர் வட்டாரச் சபையிலும் அமர்ந்து பொறியியலாளரோடு நேரே பேசினர். மாவட்ட விவசாயக் குழுவிலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. சேராது நின்றோரையும் இவ்வமைப்பு மெல்ல ஈர்த்தது. வாய்க்கால் வெட்ட வராதவன் வயலுக்கும் அதே நீர் சென்றது. அயலவன் உழைப்பில் விளைந்த நெல்லை அறுத்த பின், அடுத்த போகத்திலும் வீட்டில் இருத்தல் பலருக்கு இயலாதாயிற்று.

குறைகளும் இருந்தன. ஊர்களில் தங்கிய இளைஞரின் வேலை தற்காலிகமானது. ஆசிரியர் நியமனம் கிடைத்தபோது அவர்களுட் பலர் விலகினர். கமக்காரரைத் தங்கச் செய்யக் கற்ற ஒரு திட்டம், தன் ஊழியரைத் தங்கச் செய்யக் கல்லாது போயிற்று. ஆயினும், மறு அமைப்பாளர் வரும்வரை காத்திராது, பல இடங்களில் கமக்காரப் பிரதிநிதிகளே அயல் வாய்க்கால்களுக்குச் சென்று புதுக் குழுக்களை அமைத்தனர். வெளியார் சேர்க்கும் உறுப்பினரைவிட உறுப்பினர் சேர்க்கும் உறுப்பினரே உறுதியானவர் என்பதற்கு இது சான்று. 1985இல் திட்டம் முடிவுற்றது. 1988இல் அரசாங்கம், பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களின் நிருவாகத்தில் கமக்காரர் அமைப்புகளுக்குப் பங்களிப்பதைத் தன் கொள்கையாக ஏற்றது.

உண்மையான சோதனை பின்னரே வந்தது. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்துக்கு, நாடு போரில் மூழ்கியிருந்த வேளையில், சமுத்திரத்தில் நீர் குன்றிற்று. உள்ள நீர் 15,000 ஏக்கருக்கே போதும் என்றனர் அலுவலர். அவ்வாறு ஒதுக்கியிருப்பின் கடைக்கோடி வயல்கள் தரிசாய்க் கிடந்திருக்கும். கமக்காரர் அமைப்புகளோ, இருப்பதை முறை வைத்துப் பகிர்ந்து 65,000 ஏக்கர் முழுவதையும் விதைப்பதெனத் தீர்மானித்தன. தலையில் உள்ள சிங்களக் கமக்காரரும் கடையில் உள்ள தமிழ்க் கமக்காரரும் ஒத்த பங்கு பெற்றனர். அப்போகத்தின் விளைச்சல் வழக்கத்தினும் மேலாயிருந்தது என ஆய்வாளர் பதிந்துள்ளனர். இதனால் போர் நின்றுவிடவில்லை. 1956இன் காயமும் ஆறிவிடவில்லை. ஆயின் துப்பாக்கியின் ஒலிக்கிடையிலும் ஒரு மடை குறித்த நாளில் திறக்கப்பட்டு, குறித்த நாளில் மூடப்பட்டது.

வாவிக்கரை ஊர்களில் இன்றும் சங்கங்களுக்குக் குறைவில்லை: மாதர் சங்கம், மீனவர் சங்கம், மரண உதவிச் சங்கம், வாசிகசாலைச் சபை எனப் பல. இளைஞர் வருவதில்லை என்பதே அவற்றுட் பலவற்றின் முறையீடு. வருகின்ற இளைஞனுக்கு அங்கே ஒரு முறை வைக்கப்பட்டிருக்கின்றதா, அல்லது பின்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் போடப்பட்டிருக்கின்றதா என்பதை அச்சங்கத்தார் முதலில் நோக்குதல் நன்று. கோயிலில் குடிக்கொரு நாளும் வயலில் மடைக்கொரு நாளும் வகுத்த மக்களுக்கு இது புதிய பாடம் அன்று.