வட்டிக்கடையில் விளைந்த நாவல்கள்

இன்றைய சிவகங்கை மாவட்டத்தின் சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்தவர் ப. சிங்காரம். இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்ற கடைப் படிவரிசையை உள்ளிருந்தே பார்த்தார். 1942-இல் ஜப்பானியப் படை அந்நகரில் நுழைந்தது.

சிங்காரம் ஊர் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலைபார்த்தபடி எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ (1959) நாயகன் செல்லையா, வட்டிக்கடை வேலையிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவன். துப்பாக்கி பிடித்த கை பெட்டியடிக்கு ஆகாது என்று கடை முதலாளி தன் மகளை அவனுக்குத் தர மறுக்கிறார். காதல் கதைதான், ஆனால் தீர்ப்புச் சொல்வது தொழில். ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வெளிவந்தது. அப்போது கவனித்தவர்கள் சிலரே. சிங்காரம் 1997-இல் காலமானார்.