குடுமியும் கிராப்பும்



வரலாறு என்றவுடன் போர்க்களமும் அரண்மனையும் உங்கள் நினைவுக்கு வரும். தலையில் வளரும் முடிக்கும் ஒரு வரலாறு உண்டென்றால் நீங்கள் நகைக்கக்கூடும். ஆயினும் முடியின் பொருட்டுக் கோட்டைகளில் குருதி சிந்தியிருக்கிறது. ஆளுநர் ஒருவர் பதவியிழந்திருக்கிறார்.

நம் முன்னோர் சிகையைப் பெரிதாகவே போற்றினர். பாண்டியன் ஒருவன் பெயரே பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. மகளிர் கூந்தலை ஐவகையாக முடித்தமையால் அதற்கு ஐம்பால் என்ற பெயர் வழங்கிற்று. மாதவி நீராடிய நீரில் பத்துத் துவரும், ஐந்து விரையும், முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறியிருந்தன என்கிறது சிலப்பதிகாரம். செல்வர் வீட்டுச் செய்தி அது. உழவர் வீட்டில் அத்தனையும் ஏது?

ஆடவர் குடுமி வைப்பது எளிய வழக்கமன்று. முன்தலையை மழிக்க வேண்டும். பின்முடியை எண்ணெயிட்டுச் சிக்கெடுத்து, உலர்த்தி, முடிய வேண்டும். மழித்த இடம் சில நாளிலேயே முள்போல் முளைத்துவிடும். ஆகவே குடுமி இருந்த ஊரில் நாவிதர் இன்றியமையாதவராக இருந்தார். எடப்பாடி உள்ளிட்ட கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் அவரைக் குடிமகன் என்றே அழைத்தனர். அவருக்குக் கூலி காசாக வரவில்லை. அறுவடை முடிந்தபின் களத்தில் தானியமாக வந்தது. கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமையும் அவருடையதே. நாவிதருள் பலர் புண்ணுக்கு மருந்திட்டனர். அவர்தம் இல்லத்துப் பெண்டிர் பேறு பார்த்தனர். மணமேடைக்கு வாழ்த்தும், மகப்பேற்றுக்குத் துணையும் அவர்களிடம் பெற்ற சமூகம் அவர்களைத் தனக்குச் சமமாகத் திண்ணையில் அமர்த்தவில்லை என்பதையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இனி 1806ஆம் ஆண்டுக்கு வருவோம். சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரேடக் ஒரு புதிய ஒழுங்குமுறையை வகுத்திருந்தார். சிப்பாய்கள் தாடியை மழிக்க வேண்டும். மீசையை ஒரே அளவில் கத்தரிக்க வேண்டும். சமயக் குறிகளும் காதணியும் கூடா. பழைய தலைப்பாகைக்குப் பதிலாகப் புதுவகைத் தொப்பி அணிய வேண்டும். மறுத்தவர் கசையடி பெற்றனர். அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆர்க்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றே அதனைக் கொடுமையாக அடக்கிற்று. கோட்டையில் திப்பு சுல்தானின் மக்கள் சிறையிருந்ததும் ஒரு காரணமாகலாம். ஆனால் அந்த ஆணையே நெருப்புப் பொறி. பின்னர் ஆணை நீக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தளபதியும் திரும்ப அழைக்கப்பட்டனர். பிறன் தலையில் கத்தி வைக்கும் உரிமை அரசுக்கும் எளிதில் கிட்டுவதில்லை. சீனத்தில் 1645இல் மஞ்சு அரசர் முன்தலையை மழித்துப் பின்னல் வைக்குமாறு கட்டளையிட்டனர், மறுத்தோர் உயிரிழந்தனர். 1911ஆம் ஆண்டுப் புரட்சியில் அதே பின்னலை அறுப்பது விடுதலையின் அடையாளமாயிற்று.

வேலூரில் கட்டளையால் ஆகாதது, அடுத்த நூறாண்டில் கட்டளையின்றியே நிகழ்ந்தது. ஆங்கிலப் பள்ளி, இரயில், அலுவலகம் ஆகியவை கிராப்பைக் கொண்டு வந்தன. பாரதியார் காசியில் பயிலும் காலத்தில் குடுமியை நீக்கி, மீசை வளர்த்தார். ஈரோட்டில் பிறந்த கணிதமேதை இராமானுஜன் 1914 மார்ச்சு மாதம் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் குடுமியைக் களைந்தார். அக்கோலத்தைக் காணலாகாதென்று தாயையும் மனைவியையும் முன்னரே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். எண்களின் உலகில் எல்லையறியாதவருக்கும் அந்தச் சில அங்குல முடி எத்துணைப் பாரமாக இருந்தது பாருங்கள்!

அதே ஈரோட்டில் பிறந்த பெரியார் ஈ.வெ.ரா., பெண்களும் கிராப்பு வைத்துக்கொள்ளலாம் என்றார். வாரிப் பின்னும் நேரம் படிப்புக்கும் தொழிலுக்கும் மிஞ்சும் என்பது அவர் கருத்து. ஏற்றவர் சிலரே. ஆனால் இன்று தறியும் நூற்பாலையும் மிகுந்த இவ்வட்டாரத்தில், சுழலும் எந்திரத்தின் அருகே விரித்த கூந்தலும் தொங்கும் பின்னலும் எவ்வளவு ஆபத்தானவை என்பதை எந்தத் தொழிலாளியும் சொல்வார்.

எளிய சிகை எது என்று கேட்கும் மாணவருக்குச் சிறிது கூறுகிறேன். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே காதோரமும் பிடரியும் குறுக வெட்டிய கிராப்பு நான்கைந்து வாரம் ஒழுங்காக நிற்கும். சீப்பு ஒருமுறை போதும். அடிக்கடி வெட்டினால் அடர்ந்து வளரும் என்பது கட்டுக்கதை. வெளியே தெரியும் முடி உயிரற்றது. உயிர் வேரில் மட்டுமே உள்ளது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டா. மிகுதியாக உதிர்ந்தால் எண்ணெய்ப் புட்டியைத் தேடுமுன் உணவைப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைந்த பெண்பிள்ளைகளுக்கு முடி கொட்டுவதுண்டு. கீரையும் பயறும் அங்கே உதவும். ஈர முடியை இழுத்து வாராதீர்கள். அப்போதுதான் அது எளிதில் அறும்.

நம் கொங்கு நாட்டில் தலைக்குத் தேய்ப்பது அரப்பு. உசில் மரத்தின் இலையை உலர்த்தி இடித்த தூள் அது. இப்பக்கத்துக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அதில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, முடியில் பிசுக்காகப் படியும். அரப்பிலும் சீயக்காயிலும் உள்ள சபோனின் என்ற பொருள் அவ்வாறு திரிவதில்லை. நம் பாட்டிமார் வேதியியல் படிக்கவில்லை. ஆயினும் தம் கிணற்றை அறிந்திருந்தனர். இன்னொரு வியப்பு: ஷாம்பு என்ற சொல்லே நம் நாட்டது. பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து அது பிறந்தது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் 1814இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியல் நிலையம் அமைத்து அச்சொல்லைப் புகழ்பெறச் செய்தார். கப்பலேறிப் போன சொல், புட்டியில் அடைபட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

கிராப்பு வந்தபின் நாவிதர் வீடு வீடாகச் செல்லும் வழக்கம் குறைந்தது. கண்ணாடியும் நாற்காலியும் கொண்ட சலூன் எழுந்தது. தானியக் கூலி காசாக மாறிற்று. அவருக்கு அது ஒரு விடுதலையே. அந்த நாற்காலியில் எவர் அமரலாம் என்ற கேள்வியும் உடன் எழுந்தது. பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு முடி வெட்டக்கூடாதென்று நாவிதரை மிரட்டிய ஆதிக்க சாதியினர் இருந்தனர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. கடைகளில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அதனைத் தண்டனைக்குரியதாக்கிற்று. 1976இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. இருந்தும், தமிழ்நாட்டின் சிற்றூர்கள் சிலவற்றில் அண்மை ஆண்டுகளிலும் இக்குற்றத்துக்கு வழக்குகள் பதிவாகியுள்ளன. அவ்வூர் இளைஞர்கள் தம் தெருவிலேயே சலூன் இருக்க, பேருந்தேறி அடுத்த நகரத்துக்குச் சென்று முடி வெட்டிக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.