தேங்காய் வாங்கினேன், தேங்காயை வாங்கினேன்

ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆங்கிலம் கற்பித்தே என் காலம் போயிற்று. எங்கள் பிள்ளைகளின் விடைத்தாளில் தவறுவது இரண்டு. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ‘எ’, ‘த’ (a, the) என்கிற சின்னச் சொற்கள், அதாவது ஆர்ட்டிகிள்கள், விட்டுப்போகும். முதல் தவறு ஓரிரு வருடத்தில் திருந்தும். இரண்டாவது கல்லூரிக்குப் போன பிறகும் தொடரும். பிள்ளைகளுக்குப் புத்தி போதாது என்று இதற்குக் காரணம் சொல்பவர்களை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. கற்பித்த முறைகளைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் கடலூர் மாவட்டத்துக்கு ஆங்கிலம் புதிதல்ல. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மராட்டியரிடம் வாங்கிய நாளிலிருந்து கடலூர்க் கரையில் அது புழங்குகிறது. பள்ளிக்கூட ஆங்கிலம் வெகு பின்னால் வந்தது. இலக்கணப் புத்தகத்தோடு வந்தது. நெஸ்ஃபீல்டின் இலக்கணத்துக்குப் பிறகு, 1930களில், ரென்னும் மார்ட்டினும் எழுதிய புத்தகம். இங்கே வாழ்ந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதிய புத்தகம் அது. ‘த’ எங்கே வரும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மடியிலேயே தெரியும். விதிகள் தெரிந்ததற்கு விளக்கம் சொன்னால் போதும். நம் பிள்ளையோ விதியை மட்டும் மனப்பாடம் செய்தது. வெள்ளாற்றுக்கு ‘த’ உண்டு, ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கிடையாது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

1952இல் சென்னை மாநிலத்தில், வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கும் ‘ஸ்ட்ரக்சுரல் சிலபஸ்’ வந்தது. அதைக் கற்பிக்க 1959இல் தொடங்கிய இயக்கம் 27,000 ஆரம்பப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர முனைந்தது: சிலருக்குக் கற்பித்து, அவர்கள் பலருக்குக் கற்பிக்கும் ஏற்பாடு. நான் அந்தப் பாடத்திட்டத்தின் பிள்ளை. வாத்தியார் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி ‘திஸ் இஸ் எ புக்’ என்பார். வகுப்பே திருப்பிச் சொல்லும். வகுப்பில் தமிழ் கூடாது. எங்களுக்குச் சொல் வரிசை நாக்கில் படிந்தது அந்த முறையால்தான். அந்த ஆசிரியர்களுக்கு நான் கடன்பட்டவன். ஆனால் ‘எ’ என்பதும் ‘புக்’கோடு சேர்ந்த ஓர் ஓசையாகவே படிந்தது.

அடுத்த பெரிய முயற்சி எங்கள் மாவட்டத்துக்கே வந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் இலக்கணமே நடத்தாமல் ஆங்கிலம் கற்பிக்கச் செய்தார். ரயில் கால அட்டவணை, வரைபடம், கணக்கு. பிள்ளைகள் விடை தேடுவார்கள், மொழி தானாக ஊறும். உலகமே எடுத்துப் படித்த சோதனை. எனக்கும் அதில் மிகுந்த மதிப்பு உண்டு. இருந்தாலும் ‘த’ இல்லாமலே ரயிலைப் பிடித்துவிடலாம். பொருள் கெடாத இடத்தில் பிள்ளையின் கவனம் நிற்பதில்லை.

இத்தனை முறைகளும் நடந்த அதே பள்ளிகளில், பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் ‘ஐ’ உருபு மறைந்து வரும் இரண்டாம் வேற்றுமைத் தொகையை நடத்திக்கொண்டிருந்தார். ‘தேங்காய் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு தேங்காய். ‘தேங்காயை வாங்கினேன்’ என்றால் நாம் முன்பே பேசிய தேங்காய். ஆங்கிலக்காரனின் ‘எ’யும் ‘த’வும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். கடைத்தெருவுக்குப் போகும் எட்டு வயதுப் பிள்ளைகூட இதில் தவறுவதில்லை.

சொல் வரிசைக்கும் அந்த ஐ உருபே வழி காட்டும். ‘பூனை எலியைப் பிடித்தது’, ‘எலியைப் பூனை பிடித்தது’ — எப்படிச் சொன்னாலும் சிக்கியது எலிதான். ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அப்படி உருபு இல்லை. நிற்கும் இடம்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் வினை நடுவில் நின்று பூனையையும் எலியையும் பிரிக்கிறது.

‘ஐ’யைக் கொண்டு ‘த’வை அறிவது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆட்களைச் சொல்லும்போது ஐ எப்படியும் வந்துவிடும்; எழுவாயில் ஐ வராது, அங்கே ‘ஒரு’வையும் ‘அந்த’வையும்தான் துணைக்கு அழைக்க வேண்டும். ஆனால் தொடங்க இது போதும். வேற்றுமைப் பாடம் நடக்கும் வாரத்திலேயே ஆர்ட்டிகிள் பாடத்தையும் வைத்து, தமிழாசிரியரை ஆங்கில வகுப்புக்குள் அழைத்து வர வேண்டும்.