குதிரைக்குச் சோறு போட்ட கதை

நெடுந்தீவுக்குப் போனவர்கள் எல்லாரும் குதிரையோடு ஒரு படம் எடுத்திருப்பீங்கள். நாங்களும் எடுத்தோம். நல்ல கோடை காலம். வெளி முழுக்கப் புல் கருகிக் கிடந்தது. விலா எலும்பு தெரிய நாலைந்து மட்டக்குதிரைகள் நின்றன. கூட வந்த நண்பன்தான் கேட்டான்: "இதுகளுக்கு ஆர் சாப்பாடு போடுறது?" எங்களைக் கூட்டிக்கொண்டு போன ஐயா சிரிச்சார். "ஆரும் போடுறேல்ல தம்பி. தானாத் தேடித் தின்னுதுகள்."

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. குதிரைகளைப் பற்றி வரலாற்றில் கனக்க வாசிச்சிருக்கிறோம். படை, போர், அரசர், துறைமுகம் எல்லாம் வரும். அந்தக் குதிரை என்ன தின்றது, அதற்கு ஆர் காசு கொடுத்தது என்பது மட்டும் பெரிசா வராது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு குதிரை நாளொன்றுக்குத் தன்ர உடல் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்தீனி தின்ன வேணும். 400 கிலோ குதிரை என்றால் 8 கிலோ காய்ந்த புல். பச்சைப் புல்லாய்க் கொடுத்தால் 30 கிலோவுக்கு மேல் வேணும். தண்ணீர் 25 லீற்றருக்குக் குறையாது, வெயிலிலும் வேலையிலும் இன்னும் கூடும். உப்பும் வேணும். மாடு மாதிரி ஒரேயடியாய்த் தின்றுவிட்டுப் படுத்து அசைபோட அதால் ஏலாது. இரைப்பை சின்னன். அதனால் நாளின் பெரும்பகுதி கொஞ்சம் கொஞ்சமாய் மேய்ந்துகொண்டே இருக்கும். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்று வலியிலேயே செத்துப்போகும்.

இனி 13ஆம் நூற்றாண்டின் கடைசிக்குப் போவோம். பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ சொல்லுறார்: இங்கே அரசனும் அவன் சகோதரர் நால்வரும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 2000க்கு மேல் குதிரை வாங்க விரும்புவார்கள். ஒரு குதிரை 100 வெள்ளி மார்க்குக்கு மேல் விலை. ஆண்டு முடியிறதுக்குள் நூறுகூட மிஞ்சாது. காரணம், பராமரிக்கத் தெரியாது. சோற்றோடு இறைச்சியை அவித்துக் கொடுக்கிறார்கள்.

சில ஆண்டுகள் கழித்து எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னொரு கணக்குத் தருகிறார். பாரசீக வளைகுடாத் துறைகளில் இருந்து ஆண்டுக்கு 10,000 குதிரை, ஒன்று 220 பொன் தினார். மொத்தம் 22 இலட்சம் தினார். கடலில் செத்த குதிரைக்கும் விலை கொடுக்க வேணும் என்பது ஒப்பந்தம். தீனி என்று அவர் சொல்வது வறுத்த பார்லியும் நெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பசுப்பாலும்.

இதை வாசிக்கிற எல்லாரும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள்: தமிழருக்குக் குதிரை வளர்க்கத் தெரியாது. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனால் அர்த்தசாஸ்திரத்தில் குதிரைக்குரிய தீனிப் பட்டியல் ஒன்று இருக்கு. அதில் தானியம், பயறு, எண்ணெய், உப்பு ஆகியவற்றோடு இறைச்சியும் பாலும் வருகின்றன. அப்போ சோறும் இறைச்சியும் பாண்டியரின் லாயத்தில் ஆரோ அறியாமல் செய்த வேலை இல்லை. அது இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய ஏட்டறிவு. புல்லும் வைக்கோலும் நடையும் கூட இருந்தால் இந்த மேலதிகத் தீனியைக் குதிரை ஓரளவு தாங்கும். அவை இல்லாமல் மாப்பொருளை மட்டும் திணித்தால், சிறுகுடலில் செரிக்காத மிச்சம் பின்குடலில் புளித்து, வயிற்று நோவும் குளம்பு அழற்சியும் வரும்.

வஸ்ஸாஃப் சொல்லும் இன்னொரு செய்தி இந்த இடத்தில் முக்கியம். புதிதாய் வந்த குதிரைகளைக் கொழுக்க வைப்பதற்காக 40 நாள் கயிற்றாலும் முளையாலும் லாயத்தில் கட்டி வைப்பார்களாம். பிறகு ஒரு பழக்கமும் இல்லாமல் ஏறி விரட்டுவார்களாம். ஐரோப்பாவில் வண்டிக் குதிரைக்காரருக்கு இந்த ஆபத்து நல்லாத் தெரியும். ஞாயிறு ஓய்வில் முழுத் தீனி தின்ற குதிரை திங்கள் காலை வேலைக்குப் போனவுடன் தசை இறுகி விழும். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'திங்கட்கிழமை நோய்'. ஒரு நாள் ஓய்வுக்கே அந்தக் கதி என்றால் 40 நாளுக்கு என்ன நடக்கும்? வெக்கையும் கடற்பயணக் களைப்பும் வேறு. தீனி மட்டும்தான் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை.

அறியாமை என்றே வைத்தாலும் அது ஆருக்கு லாபம்? மார்க்கோ போலோவே அதையும் சொல்லுறார்: குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே வர விடுவதில்லை. குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு விலை. காசு போன வழியையும் பாருங்கள். கோயில் நிலங்களின் வருமானத்தில் இருந்தும், கோயிலோடு சேர்ந்த கணிகையரிடம் வாங்கிய வரியில் இருந்தும் இந்த விலை கொடுக்கப்பட்டது என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். அவர் சொல்வது சரி என்றால், அந்தப் பெண்களின் உழைப்பு கயல் துறையில் இறங்கிக் குதிரையாகி, ஒரு வருசத்தில் எலும்பாய்ப் போனது.

2000 குதிரைக்கு நாளொன்றுக்கு 16 தொன் காய்ந்த புல் வேணும் என்று கணக்குப் போட்டால், இன்னொரு கூட்டமும் தெரியும். பிரித்தானியர் கால மதராஸ் பக்கத்தில் பார்லிக்கும் ஓட்ஸுக்கும் பதில் கொள்ளுத்தான் குதிரைத் தீனி. அவித்து ஆற வைத்துக் கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பயறுக்கே 'ஹோர்ஸ் கிராம்' என்றுதான் பேர். கொள்ளு என்றால் வாய் திறக்கும், கடிவாளம் என்றால் வாய் மூடும் என்று எங்கட ஆக்கள் பழமொழியே சொல்லி வைச்சிருக்கினம். ஆனால் கொள்ளு மட்டும் காணாது. அதனால் ஒரு குதிரைக்குக் குதிரைக்காரன் ஒருவன், புல் வெட்டுறதுக்கு இன்னொரு ஆள் என்று வைத்திருந்தார்கள். ஒரு குதிரையின் வயிற்றுக்கு ஒரு மனிசரின் முழுநாள். அந்தப் புல்லுக்கட்டுக்காரரின் பேர் எந்தப் போர் வரலாற்றில் இருக்கு?

திரும்ப நெடுந்தீவுக்கு வருவோம். போர்த்துக்கேயருக்குப் பிறகு ஒல்லாந்தர் நெடுந்தீவிலும் இரணைதீவிலும் குதிரை வளர்த்தார்கள். தீவு என்றால் வேலி தேவையில்லை, மழை பெய்தால் புல்லுக்குக் காசில்லை. பிறகு அவர்கள் போய்விட்டார்கள். குதிரைகள் நின்றுவிட்டன. சுண்ணாம்புக் கல் தீவு. நல்ல தண்ணீர், கடல் நீருக்கு மேல் மெல்லிய படையாய் மட்டும்தான் நிற்கும். கோடை நீண்டால் சனத்துக்கே தண்ணீர்க் கஷ்டம். குதிரைகள் சாகும் செய்தியும் அப்போதுதான் வரும். கொஞ்ச நாள் எல்லாரும் கவலைப்படுவோம். மழை வர மறந்துவிடுவோம்.

700 வருசத்துக்கு முந்தின பாண்டியரைப் பார்த்துச் சிரிக்கிறது சுகம். அவர்கள் பிழையான சாப்பாடாவது போட்டார்கள். இந்தக் குதிரைகளை நாங்கள் 'எங்கட மரபுச் சொத்து' என்கிறோம், சுற்றுலா விளம்பரத்தில் போடுறோம். சொத்து என்றால் அதற்கு ஒரு செலவு இருக்கு: கோடையில் ஒரு குதிரைக்கு நாளுக்கு 25 லீற்றர் தண்ணீரும் 8 கிலோ வைக்கோலும். அதைத் தீவுச் சனத்தின் கிணற்றில் இருந்து எடுக்கவும் கூடாது. வெளியில் இருந்துதான் வரவேணும். அடுத்த முறை படம் எடுக்கிறபோது இந்தக் கணக்கையும் ஒருக்கா யோசியுங்கோ.