'கெர்ரா': யுத்தத்துக்கு ஒரு பெயர்

யுத்தம், போர், மோதல், நடவடிக்கை. எங்களுக்கு நடந்ததைப் பற்றி எழுதும்போதெல்லாம் இவற்றில் எதைப் போடுவது என்று யோசிக்கிறேன். அந்த யோசனைதான் இலத்தீனில் இருந்து பிறந்த மொழிகளின் ஒரு சொல்லிடம் என்னைக் கொண்டுபோனது.

ஸ்பானியத்திலும் போர்த்துக்கேயத்திலும் யுத்தம் 'கெர்ரா'. இத்தாலியத்தில் 'குவெர்ரா', பிரெஞ்சில் 'கெர்'. ஆனால் இது இலத்தீன் சொல் அல்ல. உரோமர் யுத்தத்தை 'பெல்லும்' என்றனர். மேற்கு ஐரோப்பாவுக்குள் வந்த ஜெர்மானிய இனத்தவரின் 'வெர்ரா' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அழகைக் குறிக்கும் 'பெல்லுஸ்' என்ற சொல்லோடு ஒலியில் ஒன்றிப்போனதால் 'பெல்லும்' வழக்கொழிந்தது என்பது ஒரு விளக்கம்.

'வெர்ரா'வின் பழைய பொருள் குழப்பம், சச்சரவு. 'குழப்புதல்' என்று பொருள்படும் இன்றைய ஜெர்மன் சொல் 'ஃபெர்விரன்' அதே வேரைச் சேர்ந்தது. நோர்மன் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'வோர்' ஆனதும் இதுவே.

ருமேனிய மொழி இதில் சேரவில்லை. அதன் 'ரஸ்பொய்' ஸ்லாவிய மொழியில் இருந்து வந்தது. ஆனால் சமாதானத்துக்கு ருமேனியர் உட்பட அனைவரும் இலத்தீன் 'பாக்ஸ்' வழிவந்த சொல்லையே வைத்திருக்கிறார்கள். உடன்பாடு செய்துகொள்வதைக் குறிக்கும் வேர் அதனுடையது.

நாங்கள் அறிந்த 'கெரில்லா'வும் இந்தக் குடும்பம்தான். ஸ்பானியத்தில் அதன் நேர்ப்பொருள் 'சிறு யுத்தம்'. 1808 முதல் நெப்போலியனின் படைகளை ஸ்பானியர் சிறு குழுக்களாக எதிர்த்த காலத்தில் அது பிற மொழிகளுக்கும் பரவியது. அங்கே போராளிக்குப் பெயர் 'கெரில்லேரோ'.

இந்தச் சொல்லை உச்சரிக்க மறுத்த அரசும் உண்டு. 1954 முதல் 1962 வரை அல்ஜீரியாவில் நடந்ததை பிரான்ஸ் 'கெர்' என்று ஏற்கவில்லை. அல்ஜீரியா பிரான்சின் ஒரு பகுதி, சொந்த மண்ணில் யுத்தம் இருக்க முடியாது என்பது வாதம். 'நிகழ்வுகள்' என்றும், 'ஒழுங்கை நிலைநாட்டும் நடவடிக்கைகள்' என்றும் சொன்னார்கள். 1999 ஒக்டோபரில்தான் ஒரு சட்டம் அதை யுத்தம் என்று எழுதியது. அதற்குள் 37 வருடங்கள் போயிருந்தன.

எங்கள் இறுதி யுத்தத்தை இலங்கை அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என்றது. அந்தப் பெயருக்குள் செத்தவர்களுக்கும் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கும் இடமில்லை. அவர்களுக்காகக் கணக்குக் கேட்பவர்கள் முதலில் நடந்ததன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் நான் யுத்தம் என்றே எழுதுகிறேன்.