வேப்பனப்பள்ளி – ஓசூர் வட்டாரக் கட்டுமானத் தொழில்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கில், கர்நாடகமும் ஆந்திரமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் வேப்பனப்பள்ளி. இங்கிருந்து ஓசூர் வரையிலான வட்டாரத்தில் கட்டுமானத் தொழில், ஆலைகளின் வால்பிடித்தே வளர்ந்தது.

1970களில் ஓசூரில் மாநில அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் தொடர்ந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. 2021இல் போச்சம்பள்ளி பக்கம் சுமார் 500 ஏக்கரில் ஓலா மின் ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. இத்தகைய ஆலைக் கூரைகளை இரும்புச் சட்டங்களே தாங்குவதால் கொத்தனாருக்கு அங்கே வேலை குறைவு. அவருக்குச் சோறு போடுபவை, ஆலைக்கு வேலைக்கு வருவோரை நம்பிக் கட்டப்படும் வாடகை வீடுகள்.

மாவட்டம் கிரானைட்டுக்குப் பெயர் போனது. உள்ளூர் வீடுகளோ ஜல்லியிலும் எம்-சாண்டிலும் நிற்கின்றன. மார்க்கண்டேய நதி வேப்பனப்பள்ளி வழியே போய்த் தென்பெண்ணையில் கலக்கிறது. ஆற்று மணலை நம்பி வீடு கட்டிய காலம் மட்டும் மலையேறிவிட்டது. கருங்கல்லை உடைத்து, சலித்து, கழுவி எடுப்பதுதான் எம்-சாண்ட். கழுவாத கிரஷர் தூளும் அதே பெயரில் விலைபோகிறது. ஈரக் கையில் ஒரு பிடி அள்ளிப் பிசைந்து உதறினால் குட்டு வெளிப்படும்: தூள் மாவுபோல் உள்ளங்கையில் அப்பிக்கொள்ளும். 150 மைக்ரான் சல்லடையில் இறங்குவது 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 383 தரவிதி. தாண்டினால் கலவை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். பூச்சில் வெடிப்பு விழும்.

ஜல்லி, எம்-சாண்ட் விலை இன்னொரு தலைவலி. கனிம நிலங்களுக்கான மாநில அரசின் புதிய வரி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இப்படி விலை ஏறும்போது, சதுர அடிக்கு இவ்வளவு என்று முன்பே பேசி வேலை எடுத்த மேஸ்திரிகள் பாடு திண்டாட்டம்தான்.

வேலையாட்களில் உள்ளூர்க்காரர்களோடு வடமாநிலத்தவரும் உண்டு. பலருக்குக் கணக்குத் தீருவது சனிக்கிழமை மாலையில். வருகைப் பதிவு மேஸ்திரியின் பாக்கெட் நோட்டு. அது தொலைந்தால் வேலை செய்ததற்குச் சாட்சியே இல்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994லேயே அமைந்தது. கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு நலநிதிக்கு வசூலாகிறது. ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்புக்கான உதவி போன்றவை வாரியத்தில் பதிந்தவர்களுக்கே. கொத்துவேலை, சென்ட்ரிங், கம்பி கட்டுதல், சித்தாள் வேலை என எது செய்பவரும் 18 வயது முதல் 60 வரை பதிந்துகொள்ளலாம்.